மாப்பிள்ளைக்கு ஒரு காமிரா

முதல் முறையாகக் காமிரா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். காமிராவைப் பார்த்து வாங்குகிறார்கள். கையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விரல் எவ்வளவு நீளம், பிடிக்கும்போது சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறதா, மணிக்கட்டு எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்காமல் வாங்கிய காமிரா அலமாரியில்தான் தூங்கும். உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தக் காமிராவைச் சற்று முன் இரண்டு விரலால் தூக்கினீர்கள். அப்படித் தூக்கக் கூடாது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும்.

கடைக்காரரைப் பற்றி விசாரிக்கத்தான் என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியும். காமிராக் கடை நடத்தும் அவரை நாங்கள் எல்லோரும் டிரைபாட் என்றுதான் கூப்பிடுவோம். காமிராவை நிறுத்தி வைக்கிற முக்காலிக்கு அதுதான் பெயர், அவருக்கும் இரண்டு காலோடு ஒரு கைத்தடி. அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்தான், கேலி என்று நினைக்காதீர்கள். கிரகணத்தன்று நடந்ததற்கு லென்ஸுக்கு முன்னால் மாட்ட அவர் விற்ற ஃபில்டர்தான் காரணம் என்று என் மாப்பிள்ளை புகார் கொடுத்திருக்கிறார். அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். டிரைபாட் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டால் நான் எதையும் விடாமல் சொல்லிவிடுவேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பார்வையைச் சோதித்து, லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது என் வேலை. டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த கண்களுக்குக் கணக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கு டிரைபாட் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. உள்ளதைச் சொன்னால் என் படங்கள் சுமார் ரகம்தான். ஆனால் யாருக்கு எந்தக் காமிரா, எந்த லென்ஸ் என்று பொறுக்கிக் கொடுப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. புதிதாக வருகிறவர்களை டிரைபாட் நேராக என் பக்கம் தள்ளிவிடுவார். "முதல்ல அவர்கிட்ட கையைக் காட்டுங்க, உங்க காமிரா எதுன்னு அவரே சொல்லிடுவார்" என்பார்.

எனக்கு ஒரே மகள். வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது, ஆனாலும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறாள். அவளுடைய அம்மா இறந்தபோது அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டது முதல் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கியது வரை எல்லாம் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தேன். தினமும் வேலை முடிந்து முதலில் என் வீட்டுக்குத்தான் வருவாள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் பார்ப்பாள்.

"இவ்ளோ உப்பு போட்டா அந்த பிரஷர் மாத்திரை எதுக்குப்பா? சும்மா அழகுக்கா?"

இப்படித் திட்டிவிட்டு உப்பு டப்பாவை எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டுப் போவாள். அவள் போனதும் ஸ்டூலைப் போட்டு எடுத்துக்கொள்வேன். நான் எடுப்பது அவளுக்கும் தெரியும். அந்தத் திட்டு விழாத நாளை நான் நாளாகவே எண்ணியதில்லை.

மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெரிய பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் இறக்குகிற வேலை. தங்கமான மனிதர், இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான் முதலில் வந்து நிற்பார். அவர் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் வெறுப்பு இருந்ததில்லை. இதை நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

ஒரு சாயங்காலம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கடல் கடந்து ஒரு பெரிய துறைமுகத்தில் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். மனைவியை உடனே கூட்டிப் போகலாம். பெற்றவர்களை அழைத்துக்கொள்ளச் சில வருடங்கள் ஆகும். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தினமும் வீடியோல பேசுவேம்ப்பா. நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு காட்டணும், ஏமாத்தக் கூடாது" என்றாள். நான் சந்தோஷம் என்றேன். அவர்கள் போனபிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குழாயைத் திறந்துவிட்டேன்.

சில வருடங்கள் என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த வயதில் அது சாதாரணம்தான். எனக்கு அப்படி இல்லை. காலையில் எழுந்தால் யாருக்காக எழுகிறோம் என்று ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் நான் ஒரு வீட்டைப் பூட்டித் திறக்கிற ஆளாக மட்டும் மிஞ்சுவேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சுயநலம் என்பார்கள்.

முதலில் நல்ல முறையில்தான் முயன்றேன். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க என்ன குறைச்சல் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு குறையும் இல்ல மாமா. ஆனா இந்த வாய்ப்பு மறுபடி வராது. உங்களை அப்படியே விட்டுட மாட்டோம்" என்றார். பிறகு நெஞ்சு வலிக்கிறது என்றேன். பாப்பா இரண்டு நாள் விடுப்பு எடுத்து என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் அவள் வேலை செய்கிற அச்சகத்துக்குப் போய், முதலாளியைப் பார்த்து, என் மகளுக்கு ஏதாவது பெரிய பொறுப்பாகக் கொடுங்கள், இங்கேயே இருந்துவிடுவாள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்து, எனக்கு ஒரு நாள்காட்டியைக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

வேலைக்குச் சேருமுன் உடற்தகுதிப் பரிசோதனை இருந்தது. அதில் கண் முக்கியம். மாப்பிள்ளை முன்னேற்பாடாக என்னிடம் வந்து உட்கார்ந்தார். சோதித்தேன். அப்படியொரு பார்வையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, தூரம் தெரிவதற்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தரத்தில் தொங்குகிற இரும்புப் பெட்டிக்கும் லாரிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று ஒற்றைக் கண்ணால் திருத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரு கண்ணில் குறை இருந்தால் கிரேன் ஓட்ட விடமாட்டார்கள். என் கையெழுத்துக்கு மதிப்பிருந்தால் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்து அதோடு முடித்திருப்பேன். ஆனால் அவர்களுடைய டாக்டர்தான் பார்ப்பார்.

ஒரு கண் போனால் மனிதனுக்கு என்ன குறைகிறது என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. படிக்கலாம். நடக்கலாம். சைக்கிள் ஓட்டலாம். கண்ணாடி போட்டுக்கொண்டால் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. எங்கள் கடைக்கு வருகிற ஒரு தையற்காரருக்கு ஒரு கண்தான். ஊசியில் நூல் கோப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. துறைமுகத்திலேயே மாப்பிள்ளைக்கு அலுவலக வேலை போட்டுக் கொடுப்பார்கள். வெயிலில் காய வேண்டியதும் இல்லை. நான் இதையெல்லாம் பல நாள் யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தபோது பயம் வரவில்லை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது.

இனி காமிராவுக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதிலிருந்தே மாப்பிள்ளை அவ்வப்போது சில படங்களைக் கைபேசியில் கொண்டுவந்து காட்டுவார். "இது எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய சின்னக் காமிராவில் எடுத்த படங்கள். ஆனால் அசந்துபோவேன். மழை நின்றபின் பேருந்துக் கூரையில் தேங்கிய தண்ணீர். மதில்மேல் காய்கிற ஒற்றைச் செருப்பு. ஒருமுறை என்னையே எடுத்திருந்தார். கடைக்கு வெளியிலிருந்து, கண்ணாடி வழியாக, நான் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். நண்பகல் வெளிச்சம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை கிரேனில் அல்லவா இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. "உங்களுக்குப் படம் எடுக்கறது கை வந்த கலை மாப்பிள்ளை" என்று வாயாரப் புகழ்ந்தேன். அவர் கூச்சத்தோடு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பாப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது.

ஊருக்குப் போவதற்குள் சூரிய கிரகணம் வந்தது. பாதிச் சூரியன் மறையும் என்று செய்தியில் சொன்னார்கள். அதைப் படம் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு நல்ல காமிராவும் நீள லென்ஸும் வேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைபாட் கடைக்கு வந்தார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள் மாமா என்றார். அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். நான் எதையும் அவர் தலையில் கட்டவில்லை.

இப்போதைய காமிராக்களில் இரண்டு வகை. புதியது, கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் சின்ன மின்திரை இருக்கும். சூரியனைப் பார்த்தாலும் நாம் பார்ப்பது திரையில் வருகிற சூரியனைத்தான், நிஜத்தை இல்லை. பழைய வகையில் உள்ளே ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் அதில் பட்டு நேராக நம் கண்ணுக்கு வரும். நான் பழைய வகையை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. பேட்டரி நாள் முழுக்க நிற்கும். உழைக்கும். கைப்பிடி ஆழமானது. மாப்பிள்ளைக்குக் கிரேன் நெம்புகோலைப் பிடித்துப் பிடித்து அகலமான கை. அந்தக் கைக்கு அதுதான் பொருத்தம்.

ஆனால் அவர் கொஞ்சம் தயங்கினார். காமிராவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"கனமா இருக்கே மாமா. கை சின்னதா இருக்கறவங்க பிடிக்க முடியுமா?"

"உங்க கைக்கு என்ன மாப்பிள்ளை, இரும்பையே தூக்கறீங்க."

"இல்ல... எடை குறைவா ஒண்ணு இருந்தா நல்லது. விரல் எட்டுமான்னு பார்க்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க டன் கணக்கில் தூக்குகிற மனிதர் ஒரு காமிராவுக்குப் பயப்படுகிறாரே என்று நினைத்தேன். "ரெண்டு நாள் பிடிச்சா பழகிடும்" என்று சொல்லி அதையே கொடுத்தேன். நீளமான லென்ஸ் ஒன்றையும் பொறுக்கிக் கொடுத்தேன்.

மிச்சமிருந்தது ஃபில்டர். சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஒரு வெள்ளி நிறத் தாள் உண்டு. லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் கண்ணுக்கும் பாதுகாப்பு, காமிராவுக்கும் பாதுகாப்பு. டிரைபாட் அதை வரவழைத்து அடுக்கில் வைத்திருந்தார், "உங்க மாப்பிள்ளைக்கு அந்தத் தாளை எடுத்துக் கொடுத்துடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பின்னறைக்குப் போனார். அவர் சரியாகத்தான் சொன்னார். நான் எடுத்தது அருவியைப் படம் எடுக்கிறவர்கள் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி. தண்ணீர் பஞ்சுபோல வருவதற்காக வெளிச்சத்தைக் குறைக்கிற சாமான். அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தால் சாந்தமாக, கூசாமல் தெரியும். வெளிச்சத்தை நிறுத்துமே தவிர வெப்பத்தை நிறுத்தாது. நீள லென்ஸ் அந்த வெப்பத்தைக் குவித்துக் கண்ணுக்குள் இறக்கும். கூசினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கூசாததுதான் ஆபத்து. அதைவிட முக்கியம், விழித்திரைக்கு வலி தெரியாது.

மாப்பிள்ளை கேட்கத்தான் செய்தார். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே மாமா?" என்றார். "கண்ணாடிக் கடைக்காரன்கிட்டயே இதைக் கேக்கறீங்களே" என்றேன். இருவரும் சிரித்தோம். யோசித்துப் பாருங்கள், ஆகாது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பின்னாலிருக்கிற பெரிய திரையைப் போட்டு வைத்துப் பார்க்காதீர்கள், காமிராவுக்குள் சூடேறிக் கெட்டுப்போகும், கண்ணை வைத்தே பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அதுவும் உண்மைதான், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வலது கண்தான் ஓங்கியது என்று எனக்குத் தெரியும். நான்தானே சோதித்தேன். வலது கண்ணை வைப்பார், இடது கண்ணை மூடிக்கொள்வார். இடது கண்ணை நான் அவருக்கு விட்டுவைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரகணத்தன்று காலையிலிருந்து நான் கடையில்தான் இருந்தேன். எங்கள் முதலாளி அட்டைக் கண்ணாடி நிறைய வரவழைத்திருந்தார். வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான். பால் வண்டிக்காரர் ஒருவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "உங்களுக்குக் கண்ணு வேணாமா? வீட்டில புள்ளைங்க முகத்தைப் பார்க்க வேணாமா?" என்று சத்தம் போட்டேன். அவர் பயந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அன்று நாள் முழுக்க நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு இருந்தது. உங்களுக்கு அது விசித்திரமாகத் தெரியலாம்.

மறுநாள் காலை கடையைத் திறந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா வந்தாள். அச்சகத்துக்குப் போகிற நேரம். கதவுப் பிடியை ஒரு தடவை தவறவிட்டுப் பிறகு பிடித்தாள்.

"அப்பா, கண்ணைக் கொஞ்சம் பாருங்களேன். நடுவில ஏதோ கறை மாதிரி இருக்கு. முகம் கழுவிட்டேன், போகல."

எந்தக் கண் என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்."

நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிரே எழுத்துப் பலகைக்கு விளக்குப் போட்டேன். மேல் வரியில் இருக்கிறது என்ன என்று கேட்டேன். பலகையின் ஓரம் தெரிகிறது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாக இருக்கிறது என்றாள். ஒரு கண்ணை மூடச் சொல்லிக் கேட்டேன். மறு கண்ணை மூடச் சொல்லிக் கேட்டேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, என் காதுக்கு அருகே எங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

"வேடிக்கையா இருக்குப்பா. உங்க சட்டை தெரியுது, முடி தெரியுது. மூஞ்சி மட்டும் தெரியல."

நேற்று என்ன செய்தாய் என்று கேட்டேன். பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன். மொட்டை மாடியில் கிரகணம் எடுத்தேன் என்றாள். நான் படம் எடுப்பதை உங்களுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தோம், கோபப்படாதீர்கள் என்றாள். அவள் படம் எடுக்கும்போது மாப்பிள்ளை எப்போதும் பக்கத்தில் நின்று குடை பிடிக்கிற ஆள்தானாம். காமிராவைத் தொட்டதே கிடையாதாம். இத்தனை காலம் அவர் என்னிடம் காட்டிய படம் ஒவ்வொன்றும் அவள் எடுத்தது.

படிக்கிற காலத்தில் ஒரு வாரம் என் காமிராவைக் கேட்டு வாங்கினாள். நான் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தேன். அவள் எடுத்த ஒவ்வொரு படத்திலும் என்னென்ன தப்பு என்று பொறுமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய படம் என்று தெரிந்தால் நான் குறை சொல்வேன் என்பதற்காகத்தான் மாப்பிள்ளையின் பெயரில் காட்டினாளாம். நான் அவரைப் புகழும்போதெல்லாம் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஊருக்குப் போகிற அன்று எல்லாவற்றையும் சட்டம் போட்டு என் சுவரில் மாட்டிவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். கிரகணப் படம் அதில் நடுவில் வர வேண்டியது.

இரண்டு கண்ணும் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் களைத்துவிடும், அவ்வப்போது மறு கண்ணுக்கு மாற்றிக்கொள் என்று அந்த ஒரு வாரத்தில் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் சொன்னதில் அதை மட்டும்தான் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். வெந்த இடம் திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். ஓரப் பார்வை இருக்கும். நடமாடலாம். புத்தகப் பக்கம் வடிவமைக்க முடியாது, படம் எடுக்க முடியாது, எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாது. மாப்பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் என் தோளில் சாய்ந்து, "அந்தக் கடைக்காரன் உங்களையே ஏமாத்தித் தப்பானதைக் கொடுக்க வச்சிருக்கான், அவனை விடமாட்டேன் மாமா" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாப்பா பகலெல்லாம் என் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது கொண்டுவந்து விடுவார். நான் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லி அவளுக்குச் சாப்பாடு வைப்பேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். அவள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே சொல்வேன். ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் சில சமயம் கேட்டுக்கொண்டே அழுவாள். நானும் அழுவேன். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து அழுதோம். இனி அவள் எங்கும் போக மாட்டாள் என்று நான் நினைத்தேன்.

போன வாரம் மாப்பிள்ளை வந்து சொன்னார். அந்தத் துறைமுகத்துக்காரர்கள் வேலையை அவருக்காக வைத்திருக்கிறார்களாம். அவருடைய கண் நன்றாகத்தானே இருக்கிறது. அந்த ஊரில் பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நல்ல நிலையம் இருக்கிறதாம், பாப்பா மறுபடி தனியாக வேலை பார்க்கலாமாம். பாப்பாவும் சரி என்றுவிட்டாள். "இங்க இருந்தா நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துடுவேம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். இந்த முறை குழாயைத் திறக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் உடனே வந்தேன். டிரைபாட்டை விட்டுவிடுங்கள், அவர் அப்பாவி. தெரிந்தே எடுத்துக் கொடுத்தது நான். ஒருவருடைய கண்ணைக் குருடாக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அது என் மகளுடைய கண்ணாகப் போய்விட்டது. இதை எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளை இனி என் முகத்தில் விழிக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். பாப்பாவும் கொஞ்ச நாள் என்மேல் கோபமாக இருப்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் எப்படி, எவ்வளவு நாளில் தணியும் என்பதெல்லாம் நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? பெற்ற பாசத்தில் செய்தது என்று அவள் ஒருநாள் புரிந்துகொள்வாள்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்தேன். சாதாரணப் புகார் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போகலாமாம். இந்த மாதிரிக் குற்றவழக்கு என்றால் விஷயம் வேறாம். பாதிக்கப்பட்டவர்தான் முதல் சாட்சி, விசாரணை முடிகிறவரை நாட்டைவிட்டுப் போகாதபடி நீங்கள் நிறுத்திவைக்க முடியும் என்று சொன்னார். வருடக்கணக்கில் இழுக்கும் என்றும் எச்சரித்தார். இழுக்கட்டும், எனக்கு அவசரமில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாப்பா வந்துதானே ஆக வேண்டும்?